மூன்று ஆண்டு டிப்ளமா போதுமா?

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, மூன்று ஆண்டு நர்சிங் டிப்ளமா முடித்தால் மகள் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) ஆகலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மைதான்.

இப்போதைய விதிப்படி அந்த மூன்று ஆண்டு படிப்பு பொது நர்ஸ் பதிவுக்கு மட்டும். பிரசவம் பார்க்க, அதற்குமேல் ஓராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமா படிக்க வேண்டும். நான்கு ஆண்டு பட்டப்படிப்பில் நர்ஸ், மிட்வைஃப் இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கும். அப்புறம் ஓராண்டு சமூகச் சேவை கட்டாயம். "நான் நாலு வருஷ டிப்ளமா படித்தே மிட்வைஃப் ஆனேன்" என்று மூத்த நர்ஸ்கள் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்தப் பழைய படிப்புக்குப் புதிய சேர்க்கை 2019 உடன் நின்றுவிட்டது.

மேட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் இடம் கொடுத்தால் நான் பட்டத்தையே சொல்வேன். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இடம் கிடைப்பதுதான் பாடு.

பணம் கட்டுமுன், தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரோடு அந்தக் குறிப்பிட்ட படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்று கல்லூரி சொன்னால் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்.