தகரக் கூரை ஓரத்து மண்ணுல ஜிங்க் 480ன்னா செடி செத்துடுமா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த்லருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பழைய ஜிஐ ஷீட் (ஜிங்க் பூசின இரும்புத் தகடு) கூரைத்தண்ணி சொட்டுற இடத்துல போட்ட கீரையும் டபுள் பீன்ஸும் வெளுத்து நிக்குதாம், மண் டெஸ்ட்ல மொத்த ஜிங்க் கிலோவுக்கு 480 மில்லிகிராம், ஏஜென்ட் ஒருத்தர் வந்து "மண்ணு விஷமாயிடுச்சு, அள்ளிக் கொட்டுங்க, இல்லேன்னா என் பவுடரைப் போடுங்க"ங்கறாராம்.

அக்கா, அவருக்கு ஒரு ரேண்ட் கூட குடுக்காதீங்க. 480ங்கிறது ஆசிட்ல கரைச்சு எடுத்த மொத்தக் கணக்கு. வேருக்குப் போறது மண்ணுல இருக்கற ஈரத்துல கரைஞ்சு நிக்கிற ஜிங்க் மட்டும்தான். சாதாரண மண்ணுலயே 10லருந்து 300 வரைக்கும் இருக்கும். 480 அதிகம்தான், ஆனா மண்ணு புளிப்பா, களியா, மக்கு எவ்ளோன்னு தெரியாம யாராலயும் விஷம்னு சொல்ல முடியாது. லேப்ல காசை வாங்கிட்டு பிஎச் (மண்ணோட புளிப்பு அளவு, குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) கூட போடாம ஒரே ஒரு நம்பரை சிவப்புல அடிச்சுக் குடுக்கறாங்களே, அதை வச்சு வீட்டுக்காரங்க என்னதான் பண்றது? திரும்பப் போயி பிஎச்சும், செடி எடுக்கக்கூடிய ஜிங்கும் கேளுங்க. இங்க லேப்ல பிஎச்சை பெரும்பாலும் கேசிஎல்ல (பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசல்) அளப்பாங்க, அது தண்ணியில அளக்கறதை விட ஒரு பாயின்ட் அளவுக்குக் குறைவா காட்டும், அதைப் பாத்து பயந்துடாதீங்க.

இன்னொரு ஏமாத்து வேலை, தொட்டியில ஜிங்க் சல்பேட்டைக் கலந்து செடி வாடுறதைக் காட்டி "பாத்தீங்களா உங்க மண்ணும் இப்படித்தான்"னு பயமுறுத்தறது. புதுசா போட்ட உப்பு உடனே கரையும், மண்ணையும் புளிக்க வைக்கும், உப்புச்சுமையே வேரைச் சுடும். கூரையிலருந்து வருஷக்கணக்கா சொட்டி மண்ணோட ஒட்டிப்போன ஜிங்க் அவ்ளோ வேகமா வேலை செய்யாது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

நீங்களே பாத்துக்கலாம். கூரை ஓரத்து மண்ணு ஒரு தொட்டி, தோட்டத்து நடு மண்ணு ஒரு தொட்டி, ரெண்டையும் பாதிப்பாதி கலந்து இன்னொண்ணு, மூணுலயும் லெட்யூஸ் விதை போட்டு மூணு வாரம் கழிச்சு வேரோட பிடுங்குங்க. கூரை மண்ணுல மட்டும் வேர் கட்டையா நின்னு, இளம் இலை நரம்பு பச்சையாவும் நடுவுல மஞ்சளாவும் இருந்தா ஜிங்க் மேல சந்தேகப்படலாம். பழைய இலை முதல்ல மஞ்சளானா அது பெரும்பாலும் தழைச்சத்து மாதிரி வேற சத்துக் குறை, ஜிங்க் இல்ல. ரொம்பப் புளிச்ச மண்ணுல அலுமினியமும் வேரைக் கட்டையாக்கும், ஆனா ரெண்டுக்கும் மருந்து சுண்ணாம்புதான், லேப் சொல்ற அளவுக்கு விவசாய சுண்ணாம்பைக் கலந்துட்டு சில மாசம் பொறுங்க. தண்ணியில அளந்தா பிஎச் 6.5கிட்ட வரணும்.

ஆனா நிலக்கடலை போடற எண்ணம் இருந்தா அந்த இடத்துல வேண்டவே வேண்டாம். மத்த செடி சும்மா நிக்கற அளவுலயே கடலைக்கு காம்பு ஊதாவாகி தண்டு பிளக்கும். அமெரிக்காவுல ஜார்ஜியா பக்கம் கடலைக்காரங்க இதுல ரொம்ப அடிபட்டிருக்காங்க. இலையில கால்சியம் ஜிங்கை விட 50 மடங்குக்குக் கீழ போனா ஆபத்துன்னு பாப்பாங்க, அதனாலதான் கடலைக்கு சுண்ணாம்பு இன்னும் முக்கியம், அப்படியும் நான் அங்க போட மாட்டேன், கடலையை தள்ளி நடுங்க.

அப்புறம், 2:3:2 உர மூட்டை (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) வாங்கறப்போ பக்கத்துல ஜிங்க் 0.5%னு போட்டிருக்கான்னு பாத்து, அந்த ஓரத்துக்கு மட்டும் ஜிங்க் இல்லாத உரம் போடுங்க. கோழி எருவையும் அங்க கொட்டாதீங்க, தீவனத்துல வர்ற ஜிங்க் அதுல நிறைய இருக்கும். கூரை ஓரத்துல தண்ணியைப் பிடிக்கற ஒரு கட்டர் (gutter) போட்டு தண்ணியை வேற பக்கம் திருப்பி விடுங்க.