பழைய செட் மறுபடி கூடும்போது

கேள்வி: 1999-ல் பிளஸ் டூ முடித்த நாங்கள் ஒன்றுகூட நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? பழைய பட்டப்பெயர்களுக்குப் பயந்து சிலர் தயங்குகிறார்கள். – வாசகர், தஞ்சாவூர்

பதில்: குரூப் போட்டோவை வைத்து வரிசை வரிசையாகப் பெயர் எழுதுங்கள். பெண்களைத் தேடுவதுதான் சிரமம். கல்யாணத்துக்குப் பின் இனிஷியலும் ஊரும் மாறியிருக்கும், அம்மா வீட்டில் விசாரியுங்கள். முகூர்த்த நாள் வேண்டாம், மண்டபமும் கிடைக்காது, ஆளும் வராது. வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்களை எண்ணி இலைக்குச் சொன்னால் சோறு மிஞ்சும். முன்பணம் கட்டியவர்களைக் கணக்கில் எடுங்கள். வசூலை ஒருவர் வாங்க, இன்னொருவர் எழுதட்டும். யார் எவ்வளவு தந்தார் என்று குரூப்பில் போடவே கூடாது. முடியாதவர் பங்கை வசதியுள்ளவர் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். மைக்கைக் கொடுத்து வேலை, பதவி சொல்லவைக்கும் அறிமுகம் எதற்கு? வாத்தியார் பிரம்பெடுத்த கதையே போதும். பட்டப்பெயரை அதற்குரியவரே எடுத்தாலொழிய நீங்கள் எடுக்காதீர்கள். தயங்குபவர்களிடம் இதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.