வீட்டுப் பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள், அண்ணா

போன வாரம் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார், அம்மா வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறான். கட்-ஆஃப் 142. அவர்கள் கொண்டு வந்த மஞ்சப்பையில் மார்க்‌ஷீட்டோடு வீட்டுப் பத்திரமும் இருந்தது.

விஷயம் இதுதான். பெங்களூரில் இருக்கும் பையனின் பெரியப்பா மகன் சொன்னதால் ஒரு தனியார் கல்லூரியில் ஏ.ஐ. சேர்ந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறார்கள். வீட்டை அடகு வைத்து 5 லட்சம் வாங்குவதாகத் திட்டம், ரெண்டு வட்டிக்கு. "மெக்கானிக்கல் எடுத்தா வேலையே இல்லையாமே சார், எல்லாரும் சிரிக்கறாங்க" என்று அந்த அம்மா கண் கலங்கினார்.

முதலில் தண்ணீர் கொடுத்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசினேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அது துரோகமாகிவிடும் என்று பட்டது. அதனால் கணக்கை எடுத்தேன்.

5 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். நாலு வருடத்தில் வட்டி மட்டும் 4,80,000. அண்ணா, பையன் பட்டம் வாங்கும் நாளில் வாங்கிய கடனும் இருக்கும், கிட்டத்தட்ட அதே அளவு பணம் வட்டியாகவும் போயிருக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2021-லிருந்து நடப்பில் உள்ளது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அதோடு தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பையன் கணக்குக்கு வரும். ஒதுக்கீட்டில் வராமல் பொதுக் கலந்தாய்வில் சீட் வந்தாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகை உண்டு. கலந்தாய்வை விட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தக் கட்டணச் சலுகைகள் போய்விடும். உங்கள் பிள்ளை ஏழு வருடம் படித்துச் சம்பாதித்த உரிமையை, ஒரு போன் பேச்சுக்காக விட்டுக்கொடுக்கிறீர்கள். இதில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை.

சரி, பையன் என்ன சொல்கிறான்? அதுவரை அவனை யாரும் கேட்கவில்லை. "தம்பி, அப்பா பட்டறைக்குப் போனா என்னப்பா பார்ப்ப?" என்றேன். கொஞ்ச நேரம் அப்பா முகத்தையே பார்த்தான். அப்புறம் சொன்னான்: "பாய்லர்ல ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும் சார், தண்ணி மட்டம் தெரியும். பாதிக்குக் கீழ இறங்கினா அப்பா பம்ப்பைப் போடுவாரு. ஆனா மட்டமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போயிட்டா தண்ணி விடக்கூடாது. நெருப்பை வெளிய இழுத்துடணும். காய்ஞ்ச இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிடும்."

மெக்கானிக்கல் நாலாம் வருடம் படிக்கிற எத்தனையோ பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் பதில் வந்ததில்லை. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கோடிங் வகுப்பில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். கோடிங் மோசம் என்று சொல்லவில்லை. அதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நானே அந்தப் படிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இவனுடைய மனசு அங்கே இல்லை.

இனி, யாரும் சொல்லாத வழியைச் சொல்கிறேன். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் என்று ஒன்று உண்டு, ஏ.எஸ்.எம்.இ. என்பார்கள். 1880-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பாய்லர்கள் அடிக்கடி வெடித்துக்கொண்டிருந்தன. 1905-ல் மாசசூசெட்ஸின் பிராக்டன் ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அப்புறம்தான், பாய்லரை இப்படித்தான் செய்ய வேண்டும், இந்தத் தடிமன் வேண்டும், இப்படித்தான் பற்றவைக்க வேண்டும் என்று இந்தச் சங்கம் விதி எழுத உட்கார்ந்தது. 1911-ல் குழு போட்டு, 1915-ல் முதல் புத்தகம் வந்தது. இன்றைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். நம் நாட்டிலும் கதை இதேதான்: 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்த பிறகே சட்டம் வந்தது. 1923-ன் பாய்லர் சட்டம் நூறு வருடம் ஓடி, 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. உள்நாட்டுப் பாய்லருக்கு ஐ.பி.ஆர். என்ற இந்திய பாய்லர் விதி, ஏற்றுமதியாகும் அழுத்தக் கலன்களுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பெரும்பாலும் இந்தச் சங்கத்தின் கோட், அதாவது அவர்கள் எழுதிய அந்த விதிப் புத்தகம்.

இந்த விதிகளைப் படித்து, வேலை அதன்படி நடந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்தான் இன்ஸ்பெக்டர். திருச்சியில் பெல் பாய்லர் ஆலையையும், அதைச் சுற்றி முளைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளையும் பார்த்தால் புரியும். ஒரு வெல்டர் நன்றாகப் பற்றவைக்கிறாரா என்று எப்படித் தெரியும்? கோட்டின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. அவர் ஒட்டிய தகட்டிலிருந்து பட்டையாக ஒரு துண்டை வெட்டி, யூ வடிவத்துக்கு வளைக்க வேண்டும். வளைந்த முதுகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு தெரிந்தால் ஃபெயில். குழாய் என்றால் 45 டிகிரி சாய்த்துக் கட்டி, அதைத் திருப்பாமல் சுற்றி வந்து ஒட்டச் சொல்வார்கள். சிக்ஸ்-ஜி என்பது அதுதான். பாய்லர் முடிந்ததும் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றி, ஒரு சொட்டு கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இதைச் சொல்லும்போது பையன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

வழி எப்படி? கலந்தாய்வில் மெக்கானிக்கல். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி முதல் விருப்பம், வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போகலாம். கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ஒன்றை நேரில் போய் விசாரியுங்கள்: அங்கே ஏ.எஸ்.எம்.இ. மாணவர் பிரிவோ வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் மன்றமோ உயிரோடு இருக்கிறதா? சுவரில் போர்டு மாட்டியிருப்பதை வைத்து நம்ப வேண்டாம். போன வருடம் என்ன செய்தீர்கள், எந்த ஆலைக்குப் போனீர்கள் என்று மூன்றாம் வருட மாணவனிடம் கேளுங்கள். உறுப்பினராக மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம்தான். கோட் புத்தகங்கள் விலை மிக அதிகம், வாங்கவே வாங்காதீர்கள்; நூலகத்தில் உட்கார்ந்து ஒன்பதாம் பிரிவை மட்டும் ஒரு வருடம் படித்தால் போதும். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரென்டிஸ், உதவித்தொகையோடு. பாய்லர் ஓட்டும் வேலையிலேயே இருக்க விரும்பினால், சில வருட அனுபவத்துக்குப் பிறகு பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். மேட்டூர் அனல் மின் நிலையம் மாதிரி இடங்களுக்கு அப்படிப்பட்டவர்கள் வேண்டும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவு. வெயில், சைட், ஊர் ஊராக அலைச்சல். பெங்களூர் அண்ணன் தீபாவளிக்குக் காரில் வரும்போது இவன் பஸ்ஸில் வருவான். அதைத் தாங்க அம்மா தயாராக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பதினைந்து நாளில் என்.டி.டி. (பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறை) லெவல் டூ சர்டிபிகேட், வெளிநாட்டு வேலை உறுதி என்று நோட்டீஸ் வரும். பயிற்சியோடு உண்மையான வேலை அனுபவமும் இருந்தால்தான் அந்தத் தகுதி செல்லும். 40,000, 50,000 என்று கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

தாய்மாமா ஒரு யோசனை சொன்னாராம்: வேலைக்குப் போய்க்கொண்டே ஏ.எம்.ஐ.இ. எழுதட்டும் என்று. அவர் காலத்தில் அது அருமையான வழி. 1920-ல் தொடங்கிய நம் இன்ஜினியர்கள் சங்கம் நடத்தும் தேர்வு அது. ஆனால் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான் பி.இ.க்கு இணையான அங்கீகாரம். இப்போது பட்டத்துக்குப் பதிலாக அதை நம்பிப் போக முடியாது.

கடைசியாக அப்பா கேட்டார்: "எங்க அண்ணன்கிட்ட என்ன சொல்றது சார்? அவர் பேசி முடிச்சிட்டாரு." முன்பணம் கட்டியாச்சா என்றேன். இல்லை, திங்கட்கிழமை 50,000 கட்ட வேண்டும் என்றார். கட்டாதீர்கள் அண்ணா. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குச் சான்று வாங்குங்கள், அப்படியே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் அண்ணன் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.