கணினியில் குவிந்த ஃபாண்டுகள்: அழிக்கும் முன் பழைய ஃபைல்களைப் பாருங்கள்

கேள்வி: அப்பா பல வருடங்கள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நினைவஞ்சலி எல்லாம் டைப் செய்து கொடுத்தவர். அவருடைய ஃபைல்களும் ஃபாண்டுகளும் இப்போது என் விண்டோஸ் 11 கணினிக்கு வந்துவிட்டன. கிட்டத்தட்ட 4000 ஃபாண்ட் இருக்கிறது. வேர்டில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்தாலே திணறுகிறது. வேண்டியதைத் தேடி எடுக்கவும் முடியவில்லை. எனக்குப் புரியாத பெயர்களை மொத்தமாக அழித்துவிடலாமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மொத்தமாக அழித்துவிடாதீர்கள். அந்தப் புரியாத பெயர்களை நம்பித்தான் அப்பாவின் ஃபைல்கள் இருக்கின்றன. ஆங்கில ஃபாண்ட் ஒன்றை அழித்தால் எழுத்தின் தோற்றம்தான் மாறும்; எழுதியிருப்பதை வேறு ஃபாண்டில் படித்துக்கொள்ளலாம். பழைய தமிழ் ஃபாண்டை அழித்தால் அந்த ஃபைலில் தமிழே தெரியாது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும்.

காரணம் இதுதான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி இருக்கிறது. அதற்கு முந்திய ஃபாண்டுகளுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ, அவற்றை அடுத்து வரும் சிறப்புக் குறிகளின் இடத்திலோ தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி என்ற பழைய ஃபாண்டில் 'தமிழ்' என்று டைப் செய்தால் கணினியின் கணக்கில் அது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி இருக்கும்வரை அது நம் கண்ணுக்குத் தமிழ். எடுத்துவிட்டால் அந்த ஐந்து குறிகள் மட்டும் மிஞ்சும். அப்பாவின் ஃபைல்களில் ஒரு பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

அதுவும் எல்லாப் பழைய ஃபாண்டும் ஒரே முறையில் அமைந்தவை அல்ல; எந்த இடத்தில் எந்தத் தமிழ் உருவம் என்பது முறைக்கு முறை மாறும். பாமினி ஒரு முறை. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் மிகப் பரவலாக இருந்தது, தமிழ்நாட்டிலும் நிறையப் பேர் வைத்திருந்தார்கள். இணையத்தில் கூடிய தமிழர்கள் சேர்ந்து உருவாக்கியது டிஸ்கி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு முறைகள் வந்தன. டாப் ஃபாண்டில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து இருக்கும், டாமில் தமிழ் மட்டும். வானவில், ஸ்ரீலிபி போன்ற மென்பொருள்கள் தங்களுக்கென்று தனி முறைகளை வைத்திருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அச்சு வேலை செய்தவர்கள் பழைய ஃபாண்டுகளை விடவில்லை. பலரும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் வேலை பார்த்தார்கள். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. யூனிகோட் தமிழ் அதில் வராது.

உங்களுக்கு உடனே பயன்படும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரே முறையில் அமைந்த ஃபாண்டுகள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும். பாமினி முறையில் வெவ்வேறு பெயர்களில் ஐம்பது அலங்கார ஃபாண்டுகள் இருந்தாலும், அந்த ஃபைல்களை வாசிக்க அவற்றில் ஒன்று போதும். ஆகவே படிப்பதற்கு மட்டும் என்றால், முறைக்கு ஒன்றோ இரண்டோ நிறுவி வைத்துக்கொண்டு மீதியைக் கணினியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். பத்திரிகையின் அலங்காரம் அப்படியே வேண்டும் என்றால்தான் அசல் ஃபாண்ட் தேவைப்படும்.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபாண்ட் ஃபைலை இருமுறை கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் ஒரு மாதிரிப் பக்கம் காட்டும். அதில் ஆங்கில வாக்கியம் வரவேண்டிய இடத்தில் பொருளில்லாத தமிழ் எழுத்துகள் வந்தால் அது பழைய முறை ஃபாண்ட். டாப், டிஸ்கி வகைகளில் ஆங்கிலம் சரியாகத் தெரியும் என்பதால் அவை இந்தச் சோதனையில் தப்பிவிடும். அவற்றுக்கு இன்னொரு வழி: வேர்டில் யூனிகோடில் ஒரு வரி தமிழ் டைப் செய்து, அந்த ஃபாண்டைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தின் உருவம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அதில் யூனிகோட் தமிழ் இல்லை. வேர்டு தானாக வேறொரு ஃபாண்டைப் போட்டுக் காட்டுகிறது என்று அர்த்தம். பெயரே பல சமயம் சொல்லிவிடும். டாப், டாம், டிஎஸ்சி (அதாவது டிஸ்கி) என்று தொடங்கினால் எந்த முறை என்பது தெளிவு. டிஎஸ்சியூ பரணர் மாதிரி சிலவற்றில் பழைய முறையும் யூனிகோடும் சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேலையைத் தொடங்கலாம்.

முதலில் நகல். டி டிரைவிலோ வெளி டிஸ்கிலோ ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லா ஃபாண்டையும் அங்கே நகலெடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில்தான் பெரும்பாலானவை இருக்கும். ஆனால் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, நாம் சாதாரணமாக நிறுவும் ஃபாண்டுகள் நம் பயனர் கணக்குக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் போய் உட்காருகின்றன. 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்று தேர்ந்தெடுத்தால்தான் பொது ஃபோல்டருக்குப் போகும். சில பழைய மென்பொருள்களில் புது ஃபாண்ட் தெரியவில்லை என்று பலர் சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நகலெடுக்கும்போது இரண்டு இடத்தையும் பாருங்கள்.

நகல் ஃபோல்டரில் உள்ளவற்றை நிதானமாகப் பிரித்து வையுங்கள். யூனிகோட் தமிழ், பழைய தமிழ், ஆங்கிலம், படக்குறிகள் என்று நான்கு ஃபோல்டர் போதும். பழைய தமிழுக்குள் மட்டும் பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி என்று முறைவாரியாகப் பிரித்து வையுங்கள். அழகான தலைப்பு எழுத்து, சாதா எழுத்து என்று தோற்றத்தை வைத்துப் பிரித்தால் நாளைக்கு ஒரு ஃபைலைத் திறக்கும்போது உதவாது. ஃபைல் பெயரும் ஃபாண்டின் உள்பெயரும் வேறாக இருப்பது சகஜம். வேர்டில் தெரிவது உள்பெயர். அது மாதிரிப் பக்கத்தின் மேலேயே இருக்கும், குழப்பமானவற்றுக்கு அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் ஃபைல்கள் கண்ணில் பட்டால் அவை டைப் 1 என்ற பழைய வகை. அடோபி 2023 ஜனவரியில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபோட்டோஷாப், இன்டிசைனின் புதுப் பதிப்புகளில் அவை வேலை செய்யாது. நகலில் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது அப்பாவின் ஃபைல்கள். எனக்கு இந்த வேலை முழுவதிலும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், இதற்கு வேண்டிய நேரம் கொடுங்கள். வாசகம் மட்டும் வேண்டிய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றும். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், கன்வெர்ட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். மண்டபத்தின் ஆங்கில முகவரியையும் தமிழ் என்று எடுத்துக்கொண்டு குதறிவிடும். அதனால் வேர்டில் தேடு பெட்டியைத் திறந்து, சொல் எதுவும் கொடுக்காமல் வடிவமைப்பில் பாமினி ஃபாண்டை மட்டும் கொடுத்துத் தேடினால், அந்த ஃபாண்டில் உள்ள பகுதிகள் மட்டும் பிடிபடும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஸ்ரீ, மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பிழை விழுவது பெரும்பாலும் அங்கேதான். மாற்றினாலும் மூல ஃபைலை அழிக்க வேண்டாம்.

அலங்காரமும் வேண்டிய பத்திரிகைகளை, எல்லா ஃபாண்டும் நிறுவியிருக்கும் இப்போதே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஃபைல் பண்புகளில் ஃபாண்ட்ஸ் பகுதியைப் பார்த்தால், ஃபாண்ட் உள்ளே பதிந்திருக்கிறதா என்று தெரியும். பதிந்திருந்தால் எந்தக் கணினியிலும் அப்படியே திறக்கும். உங்களிடம் பேஜ்மேக்கர் இல்லையென்றால், அது இன்னும் வைத்திருக்கும் அச்சகத்தில் ஃபைலையும் ஃபாண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்லலாம். இந்த இரண்டு வேலையும் முடியும்வரை ஒரு தமிழ் ஃபாண்டைக்கூடக் கணினியிலிருந்து எடுக்காதீர்கள்.

எதைத் தொடக் கூடாது?

சீகோ யூஐ, டஹோமா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ, கேலிப்ரி, கன்சோலாஸ், சிம்பல், விங்டிங்ஸ், மார்லெட், பெயரில் சீகோ என்று வரும் மற்றவை, எல்லாவற்றுக்கும் மேலாக நிர்மலா யூஐ. இன்றைய விண்டோஸின் திரையில் தமிழ் தெரிவது நிர்மலாவால்தான். இவற்றில் பலவற்றை விண்டோஸே அழிக்க விடாது. ஐயம் இருந்தால் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை விவரப் பட்டியலாக மாற்றி, வடிவமைத்தவர் என்ற பத்தியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஃபைலில் லதா, விஜயா என்ற ஃபாண்ட் கேட்டால் பதற வேண்டாம். அவை விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்கும் வசதியாகிவிட்டன. அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும்.

இனி வேண்டாத ஃபாண்டுகளை நீக்கலாம். வேர்டு, பிரவுசர், ஃபோட்டோஷாப் எல்லாவற்றையும் மூடுங்கள். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் பத்து இருபதாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள், நானூறு ஐந்நூறாக வேண்டாம். நடுவில் ஏதாவது தவறினால் எது போனது என்று கண்டுபிடிக்க முடியாது. 'பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தால் கணினியை மறுபடி தொடங்கி, எதையும் திறக்காமல் முதல் வேலையாக அதை நீக்குங்கள். ஃபைல் பெயரின் முடிவில் கீழ்க்கோடும் 0 அல்லது 1ம் இருந்தால், அது முன்பே இருந்த ஃபாண்டின் மறுநகலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே உள்பெயரில் இரண்டு பதிப்பு இருந்தால் வேர்டு எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. புதியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். விண்டோஸில் ஃபாண்டை மறைக்கும் வசதியும் உண்டு. ஆனால் மறைத்த ஃபாண்டும் வேர்டின் பட்டியலில் வரும் என்பதால் உங்களுக்கு அதனால் பலனில்லை.

எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், விண்டோஸுடன் வந்தவை போக நூறு தாண்ட வேண்டாம் என்பேன். மற்றபடி ஃபாண்ட் அதிகமானால் கணினி முழுவதுமே மெதுவாகிவிடும் என்று சொல்வது மிகை. மெதுவாவது பெரும்பாலும் ஒவ்வொரு ஃபாண்டின் மாதிரியையும் வரைந்து காட்டும் பட்டியல்கள்தான், அப்புறம் ஃபோட்டோஷாப் போன்றவை திறக்கும் நேரம். இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். தமிழ் ஃபாண்டுகள் மிகச் சிறிய ஃபைல்கள். டிரைவில் நாலாயிரம் இருப்பதில் தப்பே இல்லை. நாலாயிரமும் ஒரே நேரத்தில் நிறுவப்பட்டிருப்பதுதான் தொல்லை.

அதற்காகவே ஃபாண்ட் மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் நெக்ஸஸ்ஃபாண்ட் இலவசம். ஃபாண்ட்பேஸின் அடிப்படைப் பதிப்பும் இலவசம். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நீங்கள் பிரித்து வைத்த நகல் ஃபோல்டரைக் காட்டினால் எல்லா ஃபாண்டையும் நிறுவாமலேயே பார்க்கலாம். வேண்டியதை மட்டும் இயக்கினால், அந்த மென்பொருள் ஓடும்வரை வேர்டிலும் அது கிடைக்கும். அப்பாவின் நோட்டீஸ் ஒன்றைத் திறக்க வேண்டிய நாளில் அதற்கான பாமினி அலங்கார ஃபாண்டை இயக்கி, முடிந்ததும் அணைத்துவிடலாம். மாதிரி வாக்கியத்தை மாற்றும் வசதியும் உண்டு. ஸ்ரீ, ஜை, ணௌ, 'கொண்டாட்டம்' இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். அரைகுறையாகச் செய்த ஃபாண்ட் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

புதிதாகச் செய்யும் வேலைக்குப் பழைய ஃபாண்ட் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, பவனம், பலூ தம்பி, கவிவனார் எனப் பல இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வருபவை என்பதால் விற்பனைக்கான பத்திரிகையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோட் ஃபாண்டுகளை இலவசமாகத் தருகிறது. வேறெங்காவது எடுத்தால் உரிமத்தைப் படியுங்கள். சிடியில் ஆயிரக்கணக்கில் வந்தவற்றில் பலவற்றை விற்பனை வேலைக்குப் பயன்படுத்தும் அனுமதி நம்மிடம் இருக்காது. ஃபாண்ட் என்பது டிடிஎஃப், ஓடிஎஃப், டிடிசி என்று முடியும் ஃபைலாகவோ அவற்றின் ஜிப்பாகவோ வரும். இஎக்ஸ்இ ஃபைல் ஒன்றை இயக்கச் சொன்னால் அதை மூடிவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஃபாண்ட் புக் என்ற மென்பொருள் கூடவே வருகிறது. அதில் ஒரு ஃபாண்டை அழிக்காமலே செயலிழக்கச் செய்யலாம், இரட்டைகளை அதுவே மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு காட்டும். தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் என்ற இரண்டும் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. மேக்கோடு வருபவை, அவற்றைக் கலைக்காதீர்கள்.