பியூப்பிலேஜ் கையில் வரட்டும், பிறகு பணம் கட்டுங்கள்

கேள்வி: மகள் சென்னையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. லண்டனில் பாரிஸ்டராகி, வணிக மோசடி வழக்குகளும் ஓவியம், சிலை சம்பந்தமான வழக்குகளும் நடத்த வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைத்து அடுத்த வருடமே அனுப்பிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், குரோம்பேட்டை

பதில்: அம்மா, அடமானப் பத்திரத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். மகளின் ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. இந்த வழியில் போகிறவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் எதை முதலில் செய்வது என்பதில் தடுமாறித்தான்.

இங்கிலாந்தில் பாரிஸ்டராக, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞராக, மூன்று படிகள். சட்ட அறிவுக்கான பட்டம் ஒன்று. வாதாடும் தொழிலுக்கான பார் கோர்ஸ் இரண்டாவது. ஏதாவது ஒரு சேம்பர்ஸில் (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) ஓராண்டு பயிற்சி, அதாவது பியூப்பிலேஜ், மூன்றாவது. முதல் இரண்டும் காசு இருந்தால் கிடைத்துவிடும். மூன்றாவது அப்படி இல்லை. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு இடங்கள்தான், விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். வணிக வழக்குகளில் முன்னணியில் உள்ள ஒரு சேம்பர்ஸ் வருடத்துக்கு நான்கைந்து பேரைத்தான் எடுக்கும். பார் கோர்ஸ் முடித்து ஐந்து ஆண்டுகளுக்குள் பியூப்பிலேஜ் தொடங்காவிட்டால் அந்தப் படிப்பின் செல்லுபடி போய்விடும். 'பாரிஸ்டர்' பட்டம் சுவரில் தொங்கும். நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை வராது. ஊர் திரும்பியவர்களில் கணிசமானவர்களின் நிலை இதுதான்.

பார் கோர்ஸ் கட்டணம் இடத்தைப் பொறுத்துச் சுமார் 12,000 முதல் 20,000 பவுண்டு வரை. லண்டன் வாடகையும் சாப்பாடும் தனி. அதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: பெரிய வணிக சேம்பர்ஸ் பியூப்பிலேஜ் ஆண்டுக்கே 70,000 பவுண்டுக்கு மேல் தருகின்றன. அதில் ஒரு பகுதியைப் பார் கோர்ஸ் படிக்கும் ஆண்டிலேயே முன்பணமாக எடுத்துக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி உண்டு. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு இன்களில் (பாரிஸ்டர் சங்கங்கள்) ஒன்றில் உறுப்பினராவது கட்டாயம். இவை நான்கும் சேர்ந்து ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு உதவித்தொகை வழங்குகின்றன. அதற்கான விண்ணப்பம் படிப்பு தொடங்கும் வருடத்துக்கு முந்தைய நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஒரே ஒரு இன்னுக்குத்தான் போடலாம். இந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டுக் கடன் வாங்குகிறவர்கள் ஏராளம். ஆக, பியூப்பிலேஜும் உதவித்தொகையும் உறுதியான பிறகு பார் கோர்ஸில் சேருவதே சரியான வரிசை.

இங்குள்ள பட்டத்தை அவள் முடிக்கட்டும். நடுவில் விட்டுவிட்டு இங்கிலாந்தில் எல்எல்.பி. சேர்ந்தால், நாளை திரும்பி வரும்போது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் தகுதித் தேர்வு எழுத வேண்டிவரும். இந்தியப் பட்டம் இருந்தால் இங்கே பதிவு செய்யும் கதவு திறந்தே இருக்கும். அங்கே போகும்போது, வெளிநாட்டுச் சட்டப் பட்டக்காரர்கள் பொதுவாக ஓராண்டு மாற்றுப் படிப்புப் படிக்க வேண்டும். சில பாடங்களுக்கு விலக்கு தரலாம். எந்தெந்தப் பாடம் என்பதைப் பார் கோர்ஸ் நடத்தும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜென்டின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். இன்னொரு வழி, இங்கேயே சில ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, வெளிநாட்டு வழக்கறிஞராக, அங்குள்ள பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டிடம் விண்ணப்பித்து, பார் டிரான்ஸ்ஃபர் டெஸ்ட் எழுதுவது. பியூப்பிலேஜில்கூட விலக்கு கிடைக்கலாம். ஆனால் விலக்கு கிடைப்பது வேறு, ஒரு சேம்பர்ஸ் இடம் தருவது வேறு.

இனி அவள் ஆசைப்படும் வேலை. 'கலைச் சட்டம்' என்று தனியாக ஒரு துறையில் காலை வைத்துத் தொடங்க முடியாது. ஒப்பந்தம், பொருள் விற்பனை, நம்பிக்கைப் பொறுப்பு, காலவரையறை, மோசடி ஆகிய சாதாரண வணிகச் சட்டம்தான். சண்டை ஓர் ஓவியத்தையோ சிலையையோ பற்றியது, அவ்வளவே. முழுநேரமும் கலை வழக்கிலேயே வயிறு வளர்க்கிறவர்கள் லண்டனிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்கு வங்கி மோசடியும் பங்குதாரர் சண்டையும்தான் அன்றாடம். நடுநடுவே ஓர் ஓவியம் வரும்.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பத்தூர் நடராஜர். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த சிலை, பொய்யான உரிமை வரலாற்றோடு லண்டன் சந்தைக்குப் போய், 1982இல் பம்பர் டெவலப்மென்ட் என்ற கனடா எண்ணெய் நிறுவனத்திடம் விலைபோனது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. நிறுவனம் போலீஸ்மீது வழக்குப் போட்டது. அதில் கோவில் தரப்புப் பாரிஸ்டர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தவை இரண்டு. முதலாவது, இந்தச் சிலைதான் அந்தச் சிலை என்பது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி உள்ளிட்டோர் சாட்சியம் அளித்தார்கள், சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட ஆராயப்பட்டன. இரண்டாவது, ஒரு கோவில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்பது. அந்நாட்டுச் சட்டத்தில் கோவிலுக்குச் சட்டப்படி 'ஆள்' என்ற தகுதி கிடையாது. இந்தியச் சட்டத்தில் அந்தத் தகுதி இருப்பதால் ஏற்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் சொன்னது. நடராஜர் நாடு திரும்பினார்.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. திருட்டுப் பொருள் எந்த நாட்டில் கைமாறியதோ அந்த நாட்டுச் சட்டமே உரிமையைத் தீர்மானிக்கும். இங்கிலாந்தில் திருடுபோன ஜப்பானியக் கலைப்பொருட்கள் இத்தாலியில் விற்கப்பட்டு, லண்டன் ஏலத்துக்கே திரும்பி வந்த வழக்கில், இத்தாலியச் சட்டமே பொருந்தும் என்று 1980இல் தீர்ப்பானது. நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களுக்கு அந்தச் சட்டம் சாதகம். இங்கிலாந்திலேயே விற்பனை நடந்திருந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டுகளில் பழைய உரிமையாளரின் உரிமையே அழிந்துவிடலாம். அதனால் ஜூனியரின் முதல் வேலை ஓர் அட்டவணை போடுவது: யார், யாரிடம், எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த ரசீதோடு. ஒரு வரி தவறினால் வழக்கின் திசையே மாறும்.

போலி ஓவிய வழக்குகள் இன்னொரு வகை. 2011இல் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோன ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற பழைய டச்சு ஓவியர் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தில் பிற்காலத்து நிறமிகள் இருப்பதாக ஆய்வில் தெரிந்ததும், சதபீஸ் ஏல நிறுவனம் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு விற்றவர்கள்மீது வழக்குப் போட்டது. விற்பனை ஒப்பந்தத்தில் யார் யார் தரப்பினர், எந்த நிபந்தனையில் விற்பனையை ரத்து செய்யலாம் என்பதில்தான் வாதம் சுழன்றது. அழகியல் ரசனைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கும் பொறுமைக்குத்தான் வேலை.

மோசடி வழக்கின் வேகம் வேறு. பணம் ஓடிக்கொண்டிருப்பதாக, கட்சிக்காரரை நேரடியாகக் கையாளும் வழக்கறிஞரான சொலிசிட்டர் சொன்னால், எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமலேயே நீதிபதி முன் போய் உலகளாவிய சொத்து முடக்க உத்தரவு கேட்க வேண்டும். வாதிடத்தக்க நல்ல வழக்கு, சொத்து இருப்பதற்கு ஆதாரம், அது கரைக்கப்படும் உண்மையான அபாயம் ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். எதிராளி அங்கே இருந்தால் என்ன சொல்வாரோ அதையும் நீங்களே சொல்ல வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: நமக்குப் பாதகமான ஒரு மின்னஞ்சலை விட்டுவிட்டால், அடுத்த விசாரணையில் உத்தரவு ரத்தாகலாம், செலவும் நம் தலையில் விழலாம். உத்தரவு தவறென்று பின்னால் தெரிந்தால் நஷ்டஈடு தருவோம் என்ற உறுதிமொழியையும் கட்சிக்காரர் தர வேண்டும். இன்னொன்று, கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தலும் நம்பத்தகுந்த ஆதாரமும் இல்லாமல் பாரிஸ்டர் 'மோசடி' என்று மனுவில் எழுதக்கூடாது. அது தொழில் ஒழுக்க விதி. கோபத்தில் எல்லாவற்றையும் மோசடி என்று எழுதும் பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து அதே சேம்பர்ஸில் டெனன்சி (நிரந்தர இடம்) கிடைத்தாலும் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் சுயதொழில்காரர். கட்டணத்தில் ஒரு பங்கு சேம்பர்ஸ் செலவுக்கும் கிளர்க்குகளுக்கும் போகும். பில் அனுப்பிப் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். வரிக்கும் ஓய்வுக்காலத்துக்கும் தானே ஒதுக்கி வைக்க வேண்டும். வருமானம் மிக நன்றாக இருக்கும், சீராக இருக்காது.

இந்தச் சுயதொழில் நிலையால் விசாவும் சிக்கலாகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு சேம்பர்ஸிடமும் பியூப்பிலேஜுக்கும் அதன் பிறகும் விசாவுக்கு ஸ்பான்சர் செய்வார்களா என்று கேட்க வேண்டும். இது ஒத்துவராவிட்டால் சொலிசிட்டர் வழி இருக்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற வழக்கறிஞர் சொலிசிட்டர் ஆவதற்கான எஸ்க்யூஇ தேர்வுகளை எழுதலாம், இரண்டாண்டு பணி அனுபவ நிபந்தனை அவருக்குப் பொருந்தாது. பெரிய சட்ட நிறுவனங்களின் மோசடிப் பிரிவும் கலைப் பிரிவும் மாதச் சம்பளத்தில் இதே வழக்குகளைத்தான் நடத்துகின்றன. பல குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

இந்த ஆண்டு அவள் செய்ய வேண்டியது: மதிப்பெண்ணை வகுப்பின் மேல்மட்டத்தில் வைத்திருப்பது, மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) போட்டிகளில் பேசுவது, உயர் நீதிமன்றத்தில் வணிக வழக்கு நடத்தும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் விடுமுறையில் வேலை பார்ப்பது, மேலே சொன்ன மூன்று கலை வழக்குத் தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்து, தோற்ற தரப்புக்காக மூன்று பக்கத்தில் ஒரு வாதம் எழுதிப் பார்ப்பது. லண்டன் சேம்பர்ஸில் சில நாள் உடனிருந்து பார்க்கும் மினி பியூப்பிலேஜுக்கு விண்ணப்பிக்கட்டும். சில இடங்களில் அதிலேயே எழுத்துத் தேர்வு வைத்து ஆளை எடைபோடுவார்கள். பியூப்பிலேஜ் கேட்வே என்ற விண்ணப்ப இணையதளத்தில் இடங்கள் நவம்பர் இறுதியில் தெரியவரும், விண்ணப்பம் ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்களிலேயே முடியும், முடிவு மே மாதம். ஐந்தாம் ஆண்டில் அவள் முதன்முறை விண்ணப்பிக்கலாம். அந்த மே மாதம் வரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.