வாசகர் கேள்வி பதில்: மாரிக்குள் ஒரு மர விமானம்

கேள்வி: லண்டனில் இருக்கிற மாமா ஒரு ரேடியோ கொன்ட்ரோல் விமானக் கிட் அனுப்பியிருக்கிறார். இறக்கை முனைக்கு முனை 80 அங்குலம். பெட்டிக்குள் பல்சா என்கிற லேசான மரப் பலகைகள், வெட்டிய ரிப்கள் (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்), பெரிய பிளான், அவ்வளவுதான். மோட்டாரும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் இல்லை. இதுவரை ஃபோம் விமானம்தான் பறக்கவிட்டிருக்கிறேன். மழை பிடித்துவிட்டது, இப்போதே கட்டலாமா? என்ன பசை பாவிப்பது?
(மாணவர், களுவாஞ்சிகுடி)

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள் தம்பி, மாரியில் பறக்கவிட முடியாதே தவிர கட்டலாம். ஆனால் பசையைத் திறக்க முதல் மேசையைப் பாருங்கள். விமானம் நேராகப் பறக்குமா ஒரு பக்கம் சரியுமா என்பது அநேகமாக அந்த மேசையிலேயே முடிவாகிவிடும். பழைய பிளைவுட் கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு, குண்டூசி குத்த மேலே சீலிங் போட் வையுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் பட்டும் படாமலும் நின்றால் மேசை சமம். இடைவெளி தெரிந்தாலோ ஒன்று மற்றதை அமத்தினாலோ கதவு முறுகியிருக்கிறது, மூலைக்குக் கீழே மட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். பிளானை விரித்து, மேலே மெல்லிய பொலித்தீன் போட்டால் பசை பிளானில் ஒட்டாது.

அப்புறம் மரத்தை நிறுத்துப் பிரியுங்கள். ஒரே அளவுப் பல்சாப் பலகை இரண்டில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பாரமாகவும் இருக்கும். பாரமானது முன்பக்கத்துக்கு, லேசானது வாலுக்கு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வால் சமநிலைப் புள்ளியிலிருந்து தூரத்தில் இருப்பதால், அங்கே 10 கிராம் கூடினால் மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும். இடது, வலது இறக்கைக்கும் ஒரே பாரமான பலகைகளைச் சோடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பசை விஷயத்தில் எங்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவேண்டும். சுப்பர் குளூ ஈரப்பதனில்தான் இறுகும், ஆகவே மாரியில் நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும், பொருத்திப் பார்த்த பிறகே விடுங்கள். அதன் புகை கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெள்ளை மரப்பசை இதற்கு நேரெதிர், மழை நாளில் காயச் சுணங்கும், இரவு முழுக்கக் குண்டூசியோடு விட்டுவிடுங்கள். மோட்டார் பூட்டும் முன்தட்டு, சில்லுக்கால், இறக்கை நடு மூட்டு, இந்த மூன்றுக்கும் 30 நிமிட எபொக்சி. மற்ற இடங்களில் அதைப் பூசிப் பாரத்தைக் கூட்டாதீர்கள்.

இறக்கையில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களான மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே ஒட்டும் சின்னப் பல்சாத் தட்டுகளின் மர ரேகை மேலிருந்து கீழாக நிற்கவேண்டும், வளைவில் இறக்கை மடியாமல் காப்பது அவைதான். மேலும் கீழும் பல்சாத் தோல் ஒட்டிமுடிந்தால் இறக்கை பூட்டினமாதிரி, அதற்குள் ஒரு முறுக்கு இருந்தால் பிறகு எடுப்பது பெரும்பாடு. அதனால் இரண்டாவது தோலை ஒட்டும்போதும் இறக்கை மேசையை விட்டுக் கிளம்பக்கூடாது. பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள், இரண்டு பக்கத்துப் பின்விளிம்பும் ஒரே கோட்டில் தெரியவேண்டும். அயன் வைத்து ஒட்டும் கவர் பிலிமை மட்டும் மழை விட்ட பிறகு, மரம் நன்றாகக் காய்ந்ததும் ஒட்டுங்கள்.

கேள்வி: கட்டாரிலிருந்து வரும் அண்ணனிடம் 6 செல், 5000 மில்லி அம்பியர் மணி லித்தியம் பற்றரி கொண்டுவரச் சொல்லலாமா?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது, தனி லித்தியம் பற்றரி கைப்பையில்தான் வரவேண்டும். 6 செல் என்றால் 22.2 வோல்ட், அதை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 111 வாட் மணி. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். முனைகளுக்கு டேப் சுற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய விமானத்தை எங்கே பறக்கவிடுவது?
(வாசகர், ஏறாவூர்)

பதில்: மட்டக்களப்பில் திமிலதீவு விமான நிலையப் பக்கமும், அம்பாறையில் உகனை விமான நிலையப் பக்கமும் வேண்டவே வேண்டாம். கடற்கரையும் சரிவராது, மணலும் உப்பும் சுக்கானை அசைக்கும் சேர்வோவையும் மோட்டாரையும் தின்றுவிடும். பெரும்போக வெட்டு முடிந்து காய்ந்த வயல் வட்டை நல்லது, வயல் சொந்தக்காரரான போடியாரிடம் கேட்டுவிட்டு, வரம்பில்லாத நீளத்துண்டு ஒன்றில் அடிக்கட்டையைச் செதுக்கி ஓடுபாதை எடுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறினால் காற்றும் ஏறும், விடியற்காலைதான் நேரம். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறமாதிரி ரிசீவரில் ஃபெயில்சேஃப் வைத்து, சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அனுமதி விஷயத்தைச் சிவில் விமான சேவை அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள், விமானத்தின் எடையையும் பறக்கவிடும் இடத்தையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.