“இன்னொரு வரிசை சேர்” ஃபார்ம்கள்: கேள்வி பதில்

பட்டனை அழுத்தினால் புதிய கட்டங்கள் சேரும் ஃபார்ம்களில் இருந்து தகவலை எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்பதற்கு முன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் பேலோடை, அதாவது பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் தகவலை, பாருங்கள். கட்டத்தின் தகவல் அங்கே இல்லையென்றால் கோளாறு பக்கத்தில். அங்கே இருந்து சர்வரில் கிடைக்கவில்லையென்றால் கோளாறு சர்வர் நிரலில். இது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் டெக்ஸ்ட்பாக்ஸ் உருவாக்குகிறேன். திரையில் தெரிகிறது, தட்டச்சு செய்யவும் முடிகிறது. ஆனால் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரலுக்கு முதல் பாக்ஸ் மட்டும்தான் வருகிறது. ஐடி தனித்தனியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: ஐடி கொடுத்தீர்கள், நேம் கொடுக்கவில்லை. சப்மிட் செய்யும்போது பிரவுசர் நேமையும் மதிப்பையும் ஜோடியாக அனுப்பும். ஐடியை அது கண்டுகொள்வதே இல்லை. நேம் இல்லாத கட்டம் சர்வருக்குப் போகாது. டிஸேபிள் செய்த கட்டமும் போகாது. ரீட்ஒன்லி கட்டம் போகும்.

கேள்வி: எல்லாப் பாக்ஸுக்கும் “அளவு” என்று ஒரே நேம். கடைசி மதிப்பு மட்டும் வருகிறது.

பதில்: பிஎச்பியின் வழக்கம் அது. நேமை “அளவு[]” என்று மாற்றினால் அர்ரேயாக, அதாவது பட்டியலாக, வரும். பைத்தானின் ஜாங்கோ, ஃபிளாஸ்க் என்றால் அடைப்புக்குறி தேவையில்லை, கெட்லிஸ்ட் போதும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்ம்டேட்டாவில் கெட் முதல் மதிப்பை மட்டும் தரும், கெட்ஆல் எல்லாவற்றையும் தரும்.

கேள்வி: ஒவ்வொரு வரிசையிலும் பொருள், அளவு, “அவசரம்” என்ற செக்பாக்ஸ். மூன்றிலும் அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். ஆனால் வேறு வரிசைக்கு “அவசரம்” பதிவாகிறது.

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. எர்ரர் எதுவும் வராமல் தவறான தகவல் டேட்டாபேஸில் போய் உட்காரும் இடம் இது.

பேனா, நோட்டு, ஸ்கேல் என்று மூன்று வரிசைகள், ஸ்கேலுக்கு மட்டும் டிக் என்று வைத்துக்கொள்வோம். “பொருள்[]” மூன்று முறை போகும், “அளவு[]” மூன்று முறை போகும், “அவசரம்[]” ஒரே ஒரு முறைதான் போகும். டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்பாது. வந்த அந்த ஒன்றைப் பிஎச்பி பூஜ்ஜியமாவது இடத்தில் வைக்கும். பூஜ்ஜியமாவது பொருள் பேனா. முடிந்தது கதை.

வெற்று அடைப்பை விட்டுவிட்டு, வரிசை எண்ணை நேமுக்குள் எழுதுங்கள்: “வரிசை[2][பொருள்]”, “வரிசை[2][அளவு]”, “வரிசை[2][அவசரம்]”. இப்போது ஒரு வரிசையின் தகவல் எல்லாம் ஒன்றாகவே வரும். ரேடியோ பட்டனுக்கும் இதே முறைதான். எல்லா வரிசைக்கும் ஒரே நேம் இருந்தால் ஃபார்ம் முழுவதிலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அந்த எண்ணை எப்படித் தருகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். திரையில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணி அடுத்த எண்ணைத் தராதீர்கள். 0, 1, 2 என மூன்று இருந்து, நடுவில் உள்ளதைப் பயனர் நீக்கினால் மிஞ்சுவது இரண்டு. அடுத்து சேர்ப்பதற்கும் 2 என்றே எண் வரும், ஏற்கெனவே இருக்கும் 2-ஐ அது அழித்துவிடும். ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காத கவுன்ட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எண்களில் இடைவெளி விழும், விழட்டும். சர்வரில் ஃபார்ஈச் லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: இந்த அடைப்புக்குறி வித்தை எல்லாம் எதற்கு? ஜாவாஸ்கிரிப்டில் சேகரித்து ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்பினால் டிக் இல்லாததும் ஃபால்ஸ் என்றே போகும்.

பதில்: போகும். ஆனால் பிரவுசர் இலவசமாகச் செய்யும் வேலையை நீங்கள் எழுத வேண்டும். கட்டங்களைத் தேடுவது, ஃபைல் அனுப்புவது, பிழை வந்தால் காட்டுவது, இரண்டு முறை அழுத்தினால் தடுப்பது, எல்லாமே உங்கள் பொறுப்பு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் ஃபார்மே செத்துவிடும்.

கேள்வி (அதே நண்பர்): வரிசை சேர்ப்பதே ஜாவாஸ்கிரிப்ட்தானே? அது ஓடாவிட்டால் உங்கள் ஃபார்மும் செத்ததுதான்.

பதில்: இல்லை. முதல் வரிசையைச் சர்வரே எழுதி அனுப்பியிருந்தால், ஒரு பொருளையாவது பதிவு செய்ய முடியும். உங்கள் முறையில் அதுவும் முடியாது. பக்கம் முழுக்க ஏற்கெனவே ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது என்றால் ஜேசன் சரியான தேர்வு, அதில் எனக்கு மறுப்பில்லை. சாதாரண ஃபார்முக்கு அதைப் புகுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். அடுத்த கேள்வியையே பாருங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் மூலம் ஜேசன் அனுப்புகிறேன், பேலோடில் தெரிகிறது. பிஎச்பியின் போஸ்ட் அர்ரே காலியாக இருக்கிறது.

பதில்: போஸ்ட் அர்ரே ஃபார்ம் வடிவத்தில் வருவதற்கு மட்டும்தான் நிரம்பும். ஜேசனைப் பிஎச்பியின் இன்புட் ஸ்ட்ரீமில் இருந்து நீங்களே படித்துப் பிரிக்க வேண்டும். பேலோடைப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி.

கேள்வி: புதிதாகச் சேர்த்த வரிசையில் “நீக்கு” பட்டன் வேலை செய்யவில்லை.

பதில்: பக்கம் ஏறும்போது இருந்த பட்டன்களுக்கு மட்டும் நீங்கள் கிளிக்கைக் கட்டியிருப்பீர்கள். வரிசைகளைத் தாங்கும் வெளி எலிமென்டில் கிளிக்கைக் கவனிக்கும் ஒரே ஒரு லிசனர் போட்டு, கிளிக் எந்தப் பட்டனில் நடந்தது என்று உள்ளே பாருங்கள். ஜேக்வெரி லைப்ரரியின் லைவ் போட்டிருந்தால், அது 1.9 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆன் பயன்படுத்துங்கள்.

கேள்வி: “சேர்” அழுத்தினால் பக்கமே மறுபடி ஏறுகிறது.

பதில்: ஃபார்முக்குள் வகை குறிப்பிடாத பட்டன் சப்மிட் பட்டன்தான். டைப் என்பதில் பட்டன் என்று எழுதுங்கள்.

கேள்வி: புது வரிசை சேர்த்ததும் முந்தைய வரிசைகளில் தட்டியது எல்லாம் அழிந்துவிடுகிறது.

பதில்: இன்னர்எச்டிஎம்எல்லோடு கூட்டல் குறி போட்டு ஒட்டுகிறீர்கள். அது பழைய கட்டங்களையும் இடித்துப் புதிதாகக் கட்டும். தட்டிய மதிப்பும் போகும், லிசனரும் போகும். டெம்ப்ளேட்டை நகலெடுத்து அப்பென்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ். பட்டன் கிளிக்கில் சேர்த்த டெக்ஸ்ட்பாக்ஸ்கள் அடுத்த போஸ்ட்பேக்கில், அதாவது பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்பும்போது, காணாமல் போகின்றன.

பதில்: ஒவ்வொரு போஸ்ட்பேக்கிலும் பேஜ் ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கிறது. எத்தனை கட்டம் என்பதை திரையில் தெரியாத ஒரு ஹிட்டன் ஃபீல்டில் வைத்து, பக்கம் தொடங்கும் இனிட் நிலையிலேயே அதே ஐடிகளோடு அவற்றை மறுபடி உருவாக்குங்கள். தட்டிய மதிப்புகள் தானாக வந்து சேரும். இனிட் நேரத்தில் அந்த எண்ணை ரிக்வெஸ்ட்டில் இருந்து நேரடியாகப் படியுங்கள், ஹிட்டன் கன்ட்ரோலுக்கு அப்போது மதிப்பு வந்திருக்காது.

கேள்வி: டைனமிக் செலக்ட் பாக்ஸின் மதிப்பு வரவில்லை. ஐடி சரியாக இருக்கிறது.

பதில்: நேம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் ஃபார்மிலும் ஒன்றும் வரவில்லை, என்ன காரணம்?

பதில்: பேலோட் என்ன சொல்கிறது? அதைச் சொல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: மொத்தத் தொகையை ஜாவாஸ்கிரிப்டில் கணக்கிட்டு ஹிட்டன் ஃபீல்டில் அனுப்புகிறேன். அப்படியே சேமிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹிட்டன் ஃபீல்டை யார் வேண்டுமானாலும் டெவலப்பர் டூல்ஸில் மாற்றலாம். விலையைச் சர்வரே டேட்டாபேஸில் இருந்து எடுத்துக் கூட்ட வேண்டும்.

கேள்வி: வரிசைக்கு ஐந்து கட்டம், 300 வரிசை. பிஎச்பியில் 200 வரிசைக்கு அருகில் நின்றுவிடுகிறது. பேலோடில் 300-ம் இருக்கின்றன.

பதில்: மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற அமைப்பு. இயல்பாக அதன் அளவு 1000. ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வருவதைப் பிஎச்பி வெட்டிவிட்டு ஒரு வார்னிங் மட்டும் தரும், அது திரையில் தெரியாமலே போகலாம். பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்பில் எண்ணை உயர்த்துங்கள். ஜேசனுக்காக வாதாடிய நண்பருக்கு இந்த இடம் சாதகம், அந்த வரம்பு ஜேசனைத் தொடாது. ஃபார்மாகவே அனுப்புவதென்றால், சப்மிட் நேரத்தில் இருக்கும் வரிசை எண்ணிக்கையை ஒரு ஹிட்டன் ஃபீல்டில் எழுதி, வந்ததோடு ஒப்பிடுங்கள். அந்த ஃபீல்டை ஃபார்மின் தொடக்கத்திலேயே வையுங்கள். கடைசியில் வைத்தால் அதுவும் சேர்ந்தே வெட்டுப்படும்.